கண்ணாடித் தொட்டியும் காசுமீனும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், நம் விரல் நீளமே உள்ள ஒரு மீனுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு தரங்கம்பாடியையும் பெர்லின் நகரையும் தொட்டு, இன்று பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி வரை வந்து நிற்கின்றது.

வண்ண மீன் வளர்ப்போர் விரும்பும் குட்டைச் சிக்லிட் இனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவை. அவற்றுள் பெயர் பெற்ற ‘ராம்’ என்னும் மீன் கொலம்பியாவிலும் வெனிசுலாவிலும் ஓரினோக்கோ ஆற்றுச் சமவெளியில் வாழ்வது. அறிவியலார் அதற்குப் பெயரிட்டது 1948-இல்தான். ஆனால் அதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமீன் ஒன்று தென்னிந்தியாவின் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் தொன்றுதொட்டு வாழ்கின்றது. மலையாளத்தார் அதனைப் பள்ளத்தி என்பர்; காசு என்று முடியும் பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. வட்டமான உடலும் மஞ்சள் நிறமும் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் சமயப் பணியாளர் வாழ்ந்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு மிக்க அவர், நம் கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளோக்குக்கு அனுப்பிவந்தார். நன்றி மறவாத புளோக், 1792-இல் ஒரு கடல்மீனுக்கு ஜானின் பெயரையே சூட்டினார். 1795-இல் அவர் நம் காசுமீனையும் விவரித்தார். ஆனால் அதனைக் கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். 1830-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே எட்ரோப்ளஸ் என்னும் பேரினத்தை வகுத்த பின்னரே, அதன் உறவு சிறிது சிறிதாகத் தெளிவாயிற்று.

இக்குடும்பத்தில் இந்தியாவில் இயற்கையாக வாழ்பவை மூன்று இனங்கள் மட்டுமே. அவற்றின் நெருங்கிய உறவினர் எங்கே இருக்கின்றனர் தெரியுமா? கடல் கடந்த மடகாஸ்கரில்! இரு நிலங்களும் ஒன்றாயிருந்த காலத்தில் இவற்றின் முன்னோர் தோன்றினர் என்பார் ஒரு சாரார். நிலங்கள் பிரிந்த பின்னர்க் கடல் கடந்து பரவின என்பார் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை.

மீனைக் கண்ணாடிக்குள் வைத்துக் காணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. 1909-இல் சென்னைக் கடற்கரையிலும் ஒன்று அமைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. ஆயினும் ஆர்வம் வீடுகளுக்குள் புகுந்தது. இன்று கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடமாக விளங்குகின்றது.

காசுமீனை வளர்த்தல் கடினமன்று. குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின் தொட்டியில் நிரப்புக. மணல் பரப்பி, தட்டையான கல்லோ கொட்டாங்கச்சியோ இடுக. சிறிது உப்புள்ள நீரிலும் அது நன்கு வாழும். கொசுப் புழுவை விரும்பி உண்ணும். இணை சேர்ந்த மீன்கள் கல்லைத் தூய்மை செய்து முட்டையிடும். தாயும் தந்தையும் மாறி மாறித் துடுப்புகளால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் ஊட்டும். குஞ்சுகள் பொரித்தபின் மணலில் குழி பறித்து அவற்றைக் காக்கும்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளவேண்டும். பெற்றோர் குஞ்சுகளைத் தின்றுவிடுமோ என்று அஞ்சி அவற்றைப் பிரித்துவிடுவோர் உளர். ஆனால் இம்மீனின் குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி, அதன் மேலுள்ள வழுவழுப்பான பசையை உண்கின்றன. இவ்வுரசலை வார்டு, பார்லோ என்னும் இருவர் விரிவாக ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டனர். குஞ்சுகளைப் பிரித்தால் காவலோடு உணவும் போய்விடும்.

இனி, பீர்க்கன்கரணை ஏரிக்கு வருவோம். சென்னைப் புறநகர் ஏரிகளில் தூண்டில் போடும் சிறுவரைக் கேட்டால் ஜிலேபிக் கெண்டை என்பர். அதுவும் ஒரு சிக்லிட்டே. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உணவுப் பெருக்கத்துக்காக 1952-இல் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். தாய்மீன் வாய்க்குள் முட்டைகளைக் காப்பதால் இழப்புக் குறைவு; பெருக்கமோ மிகுதி. சில ஆண்டுகளிலேயே அதனைப் பரப்புதல் கூடாதென்று தடை விதித்தனர். மீன்கள் தடையை அறியுமா? ஏரி ஏரியாகப் பரவி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பங்கிட்டுக்கொண்டன.

நல்லெண்ணத்தோடு அரசு செய்த செயலே இவ்வாறு முடிந்ததெனின், சலிப்புற்று ஒருவர் தம் தொட்டி மீன்களை ஏரியில் கொட்டினால் விளைவது என்ன? ஆகவே மாணவ நண்பர்களே, தொட்டி மீனை ஒருபோதும் ஏரியில் விடாதீர்கள். வளர்க்க இயலாதபோது வளர்ப்போர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அயல்நாட்டு மீனின் அழகைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் புளோக் பெர்லினில் இருந்தபடி கூர்ந்து நோக்கிய நம் காசுமீனை, அது வாழும் நாட்டிலேயே பிறந்த நாம் ஒருமுறையேனும் கூர்ந்து நோக்கவேண்டாமா?