கார் ரேடியோ பாதுகாப்புக் குறியீடு

திருடிய கார் ரேடியோ வேறொரு வண்டியில் பாடாதபடி தடுக்கும் எண். ரேடியோக்களைப் பெயர்த்தெடுத்து விற்கும் திருட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலிந்திருந்த 1980, 1990களில் இது பரவியது. மின்இணைப்பு அறுந்ததும் ரேடியோ தானே பூட்டிக்கொள்ளும். பேட்டரி மாற்றினாலோ முழுதும் இறங்கிப்போனாலோ உரிமையாளருக்கும் அதே கதிதான். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இது.

பல ஹோண்டா கார்களில் குறியீடு ஐந்து இலக்கம். வண்டியோடு தரும் சிறு அட்டையிலோ, சில மாடல்களில் கிளவ் பாக்ஸுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். இல்லையென்றால் ரேடியோவின் சீரியல் எண் வேண்டும். பல மாடல்களில் சாவியை ஆக்சஸரி நிலைக்குத் திருப்பி, ரேடியோவை அணைத்து, 1, 6 பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி பவரைத் தட்டினால் அது திரையில் தெரியும். அதையும் சேஸிஸ் எண்ணையும் கொடுத்தால் டீலர் குறியீட்டை எடுத்துத் தருவார். அமெரிக்காவில் ஹோண்டாவின் இணையதளத்திலேயே பெறலாம். பிறகு அலைவரிசைப் பொத்தான்களில் வரிசையாக அழுத்த வேண்டும்: 33351 என்றால் மூன்று தடவை 3, பின் 5, 1. நடுவில் பிசகினால் ஐந்து இலக்கத்தையும் முடித்துவிட்டே மறுபடி தொடங்க வேண்டும். பத்து முறை தவறினால் ரேடியோவை ஒரு மணி நேரம் ஆனில் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

பழைய ஃபோக்ஸ்வாகன் ரேடியோக்கள் இன்னும் கறார்: இரண்டு தவறுக்கே ஒரு மணி நேரப் பூட்டு. பொத்தானை அழுத்த அழுத்த இலக்கம் ஏறும் முறை அதில்.

பேட்டரி வயரைக் கழற்றுமுன் குறியீடு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையை வண்டிக்குள் வைக்காதீர்கள்.