முதல் மழையில் பைக் சறுக்குவது ஏன்? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நடப்பது என்ன?

வெயில் கொளுத்திய நாட்களுக்குப் பிறகு லேசாக ஒரு தூறல். பத்து நிமிடம்கூடப் பெய்திருக்காது. தினமும் போய் வரும் அதே ரோடு, அதே வேகம். ஆனால் பிரேக் பிடித்ததும் பைக் சறுக்கி விழுகிறது. கொட்டும் மழையில் தப்பித்தவர்கூட தூறலில் விழுவது ஏன்? பதில், உராய்வு எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

உராய்வு என்றால் என்ன?

தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றின் மீது ஒன்று நகர்வதைத் தடுக்கும் விசைதான் உராய்வு. இது இல்லாவிட்டால் நடக்கவும் முடியாது, வண்டியை நிறுத்தவும் முடியாது.

பிடிப்பு எவ்வளவு என்பதை 'உராய்வுக் குணகம்' என்ற எண்ணால் சொல்கிறார்கள். ரப்பர் டயருக்கு, காய்ந்த தார் ரோட்டில் இது சுமார் 0.7 முதல் 0.8 வரை இருக்கும். நனைந்த ரோட்டில் சுமார் 0.4 முதல் 0.5. பனிக்கட்டி மீது சுமார் 0.1தான்.

மூன்று இடத்திலும் டயர் ஒன்றுதான். ஆனால் எண் மாறுகிறது. அதாவது உராய்வு என்பது டயரின் குணம் மட்டுமல்ல. டயர், ரோடு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொருள் மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது?

தார் ரோட்டில் ஜல்லியின் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் உண்டு. வண்டியின் பாரத்தில் ரப்பர் அமுங்கி அவற்றின் மேல் படிந்துகொள்கிறது. நெருங்கித் தொடும் இடங்களில் கொஞ்சம் ஒட்டவும் செய்கிறது.

அப்படியானால் டயரில் இருக்கும் 'பட்டன்' பிடிப்புக்காகவா? காய்ந்த ரோட்டில் அது பெரிதாகத் தேவையில்லை. மழை இல்லாத நாளில் ஃபார்முலா 1 கார்கள் ஓடுவது மொட்டை டயரில்தான். மழை வந்தால்தான் பட்டன் வைத்த டயரை மாட்டுகிறார்கள். தண்ணீரை வெளியே தள்ளி, ரப்பர் ரோட்டைத் தொட வழி செய்வதே பட்டனின் வேலை.

முதல் மழை ஏன் ஆபத்து?

வண்டிகளில் இருந்து சொட்டிய ஆயில், தூசி, தேய்ந்த ரப்பர் துகள்கள் எல்லாம் மழை இல்லாத நாட்களில் ரோட்டில் படிகின்றன. தூறல் விழுந்ததும் தண்ணீரோடு கலந்து வழவழவென்று ஒரு படலம் ஆகிவிடுகிறது. டயர் ஜல்லியைத் தொடாமல் இந்தப் படலத்தின் மேல் போகிறது.

நன்றாக மழை பெய்தால் இந்த அழுக்கு கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் தண்ணீர் தேங்கினால், வேகமாகப் போகும் தேய்ந்த டயர் தண்ணீரின் மேலேயே மிதக்கும் ஆபத்து உண்டு.

மணல்: ரயிலுக்கு நண்பன், பைக்குக்கு எதிரி

ஈரத் தண்டவாளத்தில் ரயில் எஞ்சினின் சக்கரம் வழுக்கினால், சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவப்படும். இதற்காகவே எஞ்சினில் மணல் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் பாரத்தில் மணல் நொறுங்கி, ஈரத்தைத் தாண்டி இரும்புக்கு இரும்பு பிடிப்பு கொடுக்கிறது.

அதே மணல் ரோட்டு வளைவில் கிடந்தால்? பைக்கின் பாரத்துக்கு அது நொறுங்காது. டயருக்கு அடியில் உருண்டு ஓடும். பைக் விழும்.

பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால்?

சக்கரம் உருளும்போது, ரோட்டைத் தொடும் ரப்பர் அந்த நொடியில் ரோட்டின் மீது நகர்வதில்லை. அங்கே கிடைப்பது ஓய்வுநிலை உராய்வு. சக்கரம் லாக் ஆகி இழுபட ஆரம்பித்தால் கிடைப்பது இயக்க உராய்வு. இது பொதுவாகக் குறைவு. ஹேண்டில் பாரைத் திருப்பினாலும் வண்டி கேட்காது.

சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் புதிதாக உராய்வை உருவாக்காது. இருக்கிற பிடிப்பைப் பயன்படுத்த உதவும், அவ்வளவுதான்.

நிற்க எவ்வளவு தூரம் தேவை?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் பிடித்தால், குணகம் 0.7 உள்ள காய்ந்த ரோட்டில் நிற்க சுமார் 14 மீட்டர் தேவை. 0.4 உள்ள ஈர ரோட்டில் சுமார் 25 மீட்டர். கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள் இன்னும் 14 மீட்டர் போயிருக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கால் பங்காகிவிடும்.

என்ன செய்யலாம்?

* தூறல் ஆரம்பித்ததும் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.
* இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள்.
* ஜீப்ரா கிராசிங் பெயின்ட், இரும்பு மேன்ஹோல் மூடி, மேம்பால இணைப்பு இரும்பு ஆகியவை ஈரத்தில் அதிகம் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள்.
* பட்டன், பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் வரை தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிடுங்கள்.

ரோட்டையும் மழையையும் நம்மால் மாற்ற முடியாது. வேகம் நம் கையில்தான் இருக்கிறது.