ஹார்ட்கோட் ஆன 1986: ஜெனீவா கணக்கும் நம்ம ரேஷன் அரிசியும்

ஒரு வேலைக் கதையோட ஆரம்பிக்கிறேன். நான் முதல்ல சேர்ந்த ப்ராஜெக்ட் ஒரு பில்லிங் மென்பொருள். கணக்கு ஏன் தப்பா வருதுன்னு ரெண்டு நாள் தேடினேன். கடைசியில பார்த்தா, யாரோ பல வருஷம் முன்னாடி ஒரு வரி விகிதத்தை நேரா கோடுக்குள்ளயே எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. விகிதம் மாறிடுச்சு, கோடு மாறல. இதை நாங்க ‘ஹார்ட்கோட்’னு சொல்வோம்.

இன்னைக்குப் பேசப்போறதும் அப்படி ஒரு எண்ணைப் பத்தித்தான். அது உட்கார்ந்திருக்கிற இடம் ஜெனீவா. அது வந்து தொடுற இடம் நம்ம தெரு ரேஷன் கடை.

1986-ல் உருகுவேயின் புன்டா டெல் எஸ்டே நகரத்தில் ‘காட்’ ஒப்பந்த நாடுகள் பேச்சுவார்த்தையைத் தொடங்கின. அதுவரை விவசாயம் பெரும்பாலும் விதிகளுக்கு வெளியேதான் இருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்டி போட்டு மானியம் கொடுத்து, மிச்சமான தானியத்தை உலகச் சந்தையில் மலிவாகத் தள்ளின. அதை நிறுத்த விதி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். 1994-ல் மராகேஷில் கையெழுத்தானது. 1995 ஜனவரி 1-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது.

சிக்கல் ஃபார்முலாவில் இருக்கு. அரசு ஒரு பயிரை நிர்ணயித்த விலைக்கு வாங்கினால், அந்த விலையிலிருந்து ஒரு ‘வெளி ஒப்பீட்டு விலை’யைக் கழிக்கணும். மீதியைத் தகுதியுள்ள உற்பத்தியால் பெருக்கினா, அதுதான் மானியம். வளரும் நாடுகளுக்கு இது அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அந்த ஒப்பீட்டு விலை எந்த வருஷத்தோடது தெரியுமா? 1986-88 சராசரி. இந்திய அரிசிக்கு டன்னுக்குச் சுமார் 262 டாலர். நான் பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்த விலை! இன்றைய சந்தை விலையே அரசு விலையைவிட அதிகமா இருந்தாலும், காகிதத்தில் ‘மானியம்’ வந்து நிற்கும்.

இன்னொரு வேடிக்கை. அந்த 1986-88-ல் நம்ம ஆதரவு விலை உலக விலையைவிடக் குறைவு. அதனால் கூடுதல் மானிய உரிமை நமக்குக் கிடைக்கல. அப்போ அள்ளிக் கொடுத்த பணக்கார நாடுகளோ 20 சதவீதம் குறைச்சுக்கிட்டு, மீதியைத் தொடர உரிமை வாங்கிட்டாங்க.

2013-ல் இந்தியா உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அப்போ அரிசி கிலோ 3 ரூபாய்னு இருந்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதலே ரேஷன் அரிசி இலவசம். இதுக்கெல்லாம் அரசு விவசாயிகிட்ட நெல் வாங்கியாகணும். அந்த டிசம்பரில் பாலி மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது. அதுதான் ‘சமாதான விதி’: வரம்பை மீறினாலும், நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் யாரும் வழக்குப் போட மாட்டாங்க. ஆனா அப்போது ஏற்கெனவே நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டும்.

2014 ஜூலையில், நிரந்தரத் தீர்வுக்கு உறுதி கேட்டு, சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தத்துக்கு இந்தியா சம்மதிக்கல. அப்போ வர்த்தக அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் முடிவுங்கிறது அங்கே விதி, அதனால ஒட்டுமொத்தமா நின்னுபோச்சு. நவம்பரில் அமெரிக்காவோடு உடன்பாடு வந்தது. நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதான விதி தொடரும்னு முடிவாச்சு.

இது வெறும் பயம் இல்லை. 2018-19-ல் நம்ம அரிசி உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், மானியக் கணக்கு 500 கோடி டாலர். 10 சதவீதம் தாண்டியாச்சு. 2020-ல் சமாதான விதியைப் பயன்படுத்திய முதல் நாடு இந்தியாதான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கு. இந்தியா உலகின் மிகப்பெரிய அரிசி ஏற்றுமதி நாடு. மானியத்தில் வாங்கின அரிசி வெளியே கசிஞ்சா தாய்லாந்து, பாகிஸ்தான் விவசாயி அடி வாங்குவார். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனா கசிவைத் தடுக்கிறது ஒரு வேலை, பழைய எண்ணைத் திருத்துறது இன்னொரு வேலை.

2017-க்குள் தீர்வுன்னு பாலியில் சொன்னாங்க. பியூனஸ் அயர்ஸில் வரல. 2024-ல் அபுதாபியிலும் வரல. என் ப்ராஜெக்ட்ல அந்த ஒரு வரியை மாத்த எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. இங்கே 160-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே நேரத்தில் ‘சரி’ சொல்லணும்.

அடுத்த தடவை ரேஷன் கடை வரிசையைப் பார்த்தா, இந்த 1986-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.