வெந்நீர் கெட்டில்: கடந்து வந்த பாதையும் நாம் கவனிக்க வேண்டியதும்



நம் வளாகத்தில் கெட்டில் இல்லாத வீடு இப்போது குறைவு. காலையில் டிகாக்ஷனுக்கு வெந்நீர், மாத்திரை போட வெந்நீர், தொண்டை கட்டினால் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வெந்நீர் என்று எல்லாவற்றுக்கும் அதன் ஸ்விட்சைத்தான் தட்டுகிறோம். தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலர் காலை நேரத்தில் கேஸ் அடுப்பைத் தொடுவதே இல்லை. அணைக்க மறந்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். "கெட்டில் தானாக அணைந்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி? கெட்டில் எதைத் தானாகச் செய்யும், எதைச் செய்யாது? கடையில் கொடுக்கும் கையேட்டில் இதற்குப் பதில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. நான் காமர்ஸ் படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன். மின்சாரம் என் துறை அல்ல. ஆனால் கெட்டிலின் வரலாற்றைப் படித்தபோது ஒன்று விளங்கியது. அதில் உள்ள பாகங்கள் பலவும் ஏதோ ஒரு தொல்லைக்கோ ஆபத்துக்கோ பதிலாக வந்தவை. அந்த வரிசை தெரிந்தால், எந்த ஆபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

முதல் கெட்டில்கள்

உங்கள் வீட்டு மின்விசிறியில் 'கிராம்ப்டன்' என்ற பெயர் இருக்கலாம். அந்தப் பெயருக்கு உரியவர் ஆர்.இ.பி. கிராம்ப்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இளம் வயதில் ராணுவ அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர்; இங்கே நீராவியால் ஓடும் சாலை வண்டிகளைப் பரிசோதித்துப் பார்த்தவர். ஊர் திரும்பி 1878-ல் செம்ஸ்போர்டு நகரில் மின்சாதனத் தொழிற்சாலை தொடங்கினார். 1890-களில் அவருடைய நிறுவனம் மின்சாரக் கெட்டிலையும் விற்றது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் கெட்டில்கள் வந்தன.

அந்தக் கெட்டில்களில் சூடாகும் கம்பி தண்ணீரைத் தொடாது. அடியில் தனி அறையில் இருக்கும். மின்சாரமும் தண்ணீரும் சேரக் கூடாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சூட்டில் பெரும் பகுதி வீணாகி, தண்ணீர் கொதிக்க வெகு நேரம் ஆனது. கம்பியும் சீக்கிரம் எரிந்து அறுந்துபோகும். 1906-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த 'நைக்ரோம்' கலவைக்குக் காப்புரிமை பெற்றார். பழுக்கக் காய்ந்தாலும் எளிதில் அரிக்காத உலோகம் அது. நம் வீட்டு டோஸ்டர், ஹீட்டர் எல்லாம் இன்றும் அந்த வகைக் கம்பியால்தான் ஓடுகின்றன. 1909-ல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்துக்காகப் பீட்டர் பெரென்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அழகான கெட்டில்களை வடிவமைத்தார். வடிவம் அழகானது, வேகம் கூடவில்லை.

தண்ணீருக்குள் இறங்கிய கம்பி

1922-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 'ஸ்வான்' கெட்டில் செய்துவந்த புல்பிட் நிறுவனத்தின் லெஸ்லி லார்ஜ் வேறு வழி கண்டார். கம்பியை ஓர் உலோகக் குழாய்க்குள் வைத்து அடைத்து, அந்தக் குழாயையே தண்ணீருக்குள் இறக்கினார். சூடு முழுவதும் தண்ணீருக்கே போனது. கொதிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

நாம் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடும் இதே வகைதான். கெட்டில் என்ற பாத்திரத்தைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது அந்தக் குழாய். அதனால்தான் ராடு கெட்டிலைவிட ஆபத்தானது. கெட்டிலுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பாதுகாப்புகள் சாதாரண ராடில் கிடையாது. தண்ணீர் கொதித்தாலும் அது அணையாது. சூடு வந்துவிட்டதா என்று பக்கெட்டில் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு, அலுமினிய வாளிகளில் ராடு போடாதீர்கள். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 368 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

குழாய் தண்ணீருக்குள் இறங்கியதும் புதிய ஆபத்து ஒன்று வந்தது. தண்ணீர் வற்றிப்போனால் குழாய் பழுக்கும், கெட்டில் கருகும், மேசை பற்றும். இதற்குப் பதிலாக, அளவுக்கு மீறிச் சூடானால் பிளக்கையே வெளியே தள்ளிவிடும் அமைப்பு பிரிட்டிஷ் கெட்டில்களில் வந்தது. ஆனால் தண்ணீர் கொதித்ததும் அணைக்க வேண்டிய வேலை மனிதரிடமே இருந்தது.

தானாக அணைந்தது எப்போது?

1952-ல் பில் ரஸ்ஸல், பீட்டர் ஹாப்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் 'ரஸ்ஸல் ஹாப்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1955-ல் வந்த அவர்களுடைய 'கே1' கெட்டில், தண்ணீர் கொதித்ததும் தானாக அணைந்தது. வழி எளிமையானது. கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு சிறு துளை வழியாகச் சென்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகட்டின் மேல் படும். இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவு நீள்வதால் தகடு வளையும். வளைந்த தகடு ஸ்விட்சைத் தட்டிவிடும்.

இந்த ஈருலோகத் தகடு கெட்டிலுக்காகப் பிறந்தது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்ற கடிகாரக்காரர், கப்பலில் கொண்டுபோகும் கடிகாரம் வெயிலிலும் குளிரிலும் நேரம் தவறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் ஐல் ஆஃப் மேன் தீவின் ஜான் டெய்லர் இந்தத் தகட்டை மேம்படுத்தி, ஸ்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் மூலம் உலகெங்கும் கெட்டில்களுக்குள் கொண்டுபோனார். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்தும் வயரில்லாக் கெட்டிலும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். அவரே ஹாரிசனுக்கு மரியாதையாகக் கேம்பிரிட்ஜில் ஒரு விசித்திரக் கடிகாரம் அமைத்தார். 2008-ல் அதைத் திறந்து வைத்தவர் ஸ்டீபன் ஹாக்கிங்.

இன்றைய நல்ல கெட்டிலில் இரண்டு காவல் உண்டு. ஒன்று ஆவியால் இயங்குவது. இன்னொன்று அடித்தட்டில் இருப்பது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும். வங்கியில் ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது போல. முதலாமவர் கவனிக்கத் தவறினால் இரண்டாமவர் பிடித்துவிடுவார்.

ஆனால் முதல் காவலை நாமே கெடுத்துவிட முடியும். மூடியைச் சரியாக மூடாவிட்டால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்குப் போகாது. கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஸ்விட்சைக் கையால் அழுத்திப் பிடிப்பது, ஆவி போகும் வழியை அடைத்துவிடும்படி பால் பொங்க விடுவது, நூடுல்ஸ் வேகவைப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். சாதாரணக் கெட்டில் தண்ணீருக்கு மட்டும்தான். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கொதிநீர் மூக்கு வழியாகத் தெறிக்கும். கீழ்க்கோட்டுக்குக் குறைவாக ஊற்றினால் இரண்டாம் காவலுக்குத் தேவையில்லாத வேலை.

நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அடித்தட்டில் வெள்ளையாகப் படிவதையும் கவனியுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கொட்டிக் கழுவினால் போய்விடும். கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும், உப்பை எடுக்காது. டேங்கர் தண்ணீர் வரும் மாதங்களில் குடிப்பதற்காகக் காய்ச்சுகிறவர்கள், தளதளவென்று கொதி வந்த பிறகே இறக்கி, மூடியபடி ஆறவிடுங்கள்.

சுவருக்குள் இருக்கும் காவல்

கெட்டிலால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. உள்ளே கசிவு ஏற்பட்டு உடல் பாகத்துக்கு மின்சாரம் வந்தால், அதைத் தாங்குவது நம் சுவரில் இருக்கும் எர்த். மூன்று முனை பிளக்கில் பெரிய முனை அதற்குத்தான். அது நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். நம் உருண்டை முனைப் பிளக் பழைய பிரிட்டிஷ் முறையிலிருந்து வந்தது. அவர்களே 1947-ல் பிளக்குக்குள் ஃபியூஸ் வைத்த சதுர முனைக்கு மாறிவிட்டார்கள். நம் பிளக்கில் ஃபியூஸ் இல்லாததால் நாம் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. கெட்டில் 1500 வாட், மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால் ஓடுவது 6.5 ஆம்பியர். சின்ன சாக்கெட்டின் தகுதி 6 ஆம்பியர். ஆகவே கெட்டிலைப் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர் வேண்டாம். வயர் குட்டையாக இருக்கிறது என்று கம்பெனிக்காரனைத் திட்டாதீர்கள். தொங்கும் வயரைக் குழந்தை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

"விறகடுப்பில் வெந்நீர் போட்டோம், அப்போது எர்த்தா இருந்தது?" என்று மூத்தவர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் கேட்டார். விறகடுப்பின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், சார். எர்த் இல்லாத வீட்டில் கெட்டில் வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்யும்; கசிவு வரும் அன்றுதான் தெரியும். மீட்டர் பெட்டிக்கு அருகே ஆர்.சி.சி.பி. இருந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது இணைப்பைத் துண்டிக்கும். அதில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில்

1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பிரிட்டனில் மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளின் மொத்தத் திறனே 2,000 மெகாவாட்தான். தோற்ற வருத்தத்தில் ஊரே எழுந்துபோய் டீக்குக் கெட்டிலைப் போட்டதுதான் முக்கியக் காரணம். இத்தகைய திடீர்த் தேவைக்காகவே வேல்ஸ் மலைக்குள் டினோர்விக் என்ற நீர்மின் நிலையத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு மலையும் இல்லை, நிலையமும் இல்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை கீசர், கெட்டில், மோட்டார் எல்லாம் சேர்ந்தால் டிரிப் ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கக் கெட்டிலுக்கு நாலு நிமிடம் போதும். கீசரை அணைத்துவிட்டுப் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜெனரேட்டரில் ஓடும் நேரத்தில் கெட்டிலைத் தொடாதீர்கள்.

கொதிநீர் கையில் வந்த பிறகு

இதற்கு மட்டும் எந்தப் பொறியாளரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. கெட்டில் அணைந்த பிறகும் உள்ளே இருப்பது கொதிநீர். 60 டிகிரி தண்ணீரே பெரியவர்கள் தோலை ஐந்து விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். ஊற்றிக் கால் மணி நேரம் ஆன டீ கூடக் குழந்தையைச் சுடும். விடுமுறைக்குப் பேரக் குழந்தைகள் வரும் வீடுகள் கெட்டிலை மேடையின் உட்புறம், சுவரை ஒட்டி வையுங்கள். மேசை விரிப்பின் மேல் வேண்டாம். கை நடுங்கும் பெரியவர்கள் அரைக் கெட்டில் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். கெட்டிலைக் கோப்பையிடம் கொண்டுபோகாமல், கோப்பையைக் கெட்டில் பக்கத்தில் வைத்து ஊற்றுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது கேன் தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ், டூத் பேஸ்ட், இங்க், நெய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் போங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றாலோ, சுட்டது குழந்தை என்றாலோ 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கட்டடத்தின் எர்த் குழிகளை ஒவ்வொரு பிளாக்காகச் சோதித்து, அளவைப் பதிவேட்டில் எழுதி வைக்கும்படி அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். வந்து ஆதரவு தாருங்கள். அதுவரை உங்கள் வீட்டுக் கெட்டில் எந்த சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டையும் எட்டிப் பாருங்கள். அவரே குனிந்து பார்க்க முடியாமல் இருக்கலாம்.