முக்கொம்பு முதல் கல்லணை வரை: சைக்கிளில் ஒரு நாள்

மேட்டூர்ல ஜூன் 12-ஆம் தேதி தண்ணி திறந்தா, மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும். எங்க வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில ஒரு நாள் சைக்கிளை வண்டியில ஏத்திக்கிட்டு முக்கொம்பு போய் இறங்கினேன். காவிரியோட தென்கரையைப் பிடிச்சு ஜீயபுரம், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை வழியா திருச்சி. அப்புறம் சர்க்கார்பாளையம், வேங்கூர் தாண்டி கல்லணை. ஆறு இடது கைப் பக்கமாவே கூட வரும்.

முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது. வடக்கே போறது கொள்ளிடம், தெற்கே போறது காவிரி. நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு இந்தக் கரையில மேடு பள்ளமே தெரியாது. ஆனா தண்ணிக்குத் தெரியும். கொள்ளிடத்தோட படுகை தாழ்வு, கடலுக்குப் போற வழியும் நேர். விட்டா தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும். அப்படி ஓடிட்டா தஞ்சாவூர் வயலுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

தீவோட கீழ்முனையில இதைத்தான் கல்லணை தடுத்தது. அங்கே ரெண்டு ஆறும் மறுபடி கிட்டக்க வருது. காவிரித் தண்ணி கொள்ளிடத்துல சரிஞ்சு விழாம, சுமார் 1,080 அடி நீளத்துக்குக் குறுக்கே கல்லைப் போட்டாங்க. வெள்ளம் மிஞ்சினா அதுக்கு மேல வழிஞ்சு கொள்ளிடத்துக்குப் போயிடும். கரிகாலன் கட்டியதுன்னு சொல்லித்தான் நாங்க வளர்ந்தோம். பாறையை மணல்ல இறக்கி, அது புதைஞ்சு நின்ன பிறகு மேல மேல அடுக்கி, இடையில களிமண் பூசின வேலை அது.

1800-களின் தொடக்கத்தில் சிக்கல் மேல்முனைக்கு வந்தது. காவிரியில் மணல் மேடிட்டது. கொள்ளிடம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்துக்கொண்டது. பாசனம் குறைந்தால் கம்பெனிக்கு வரியும் குறையும். 1830 வாக்கில் கல்லணையில் மணல் போக்கி மதகுகள் வைத்தார்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதனால் காவிரிக்குத் தண்ணீர் அதிகமாகி, 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று. ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை கல்லணை கட்டியவர்களிடமே கற்றுக்கொண்டதாக காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடம்தான் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் வரை போனது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அந்த மேலணையோட கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. மணல்ல நிக்கிற அணைக்கு மணல்தான் கால். ஆத்துல மணலை அள்ளிக்கிட்டே இருந்தா படுகை இறங்கும், அடித்தளத்துக்குக் கீழே அரிக்கும். இப்போ அங்கே புது கதவணை நிக்குது.

பொழுது சாயுற நேரம் கல்லணையில சைக்கிளை நிறுத்தினேன். காவிரி, வெண்ணாறு, 1934-ல வெட்டி முடிச்ச புதாறுன்னு தண்ணி பிரிஞ்சு போய்க்கிட்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்குதுன்னு சுற்றுலா வந்தவங்க பேசிக்கிட்டாங்க. தானா நிக்கல. ஒவ்வொரு தலைமுறையும் பழுது பார்த்ததால நிக்குது. அந்த வேலை நின்ன வருஷம் ஆறு தன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போயிடும்.

அடுத்த தடவை கல்லணைக்கு வர்றவங்க, முக்கொம்பையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. ரெண்டையும் பார்த்தாதான் கதை முழுசா புரியும்.