சிறை மீண்ட வ.உ.சி.யும் வக்கீல் சன்னதும்

வ.உ.சிதம்பரனாரின் தண்டனை 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைவாயிலில் முடிவுற்றதாகவே வரலாற்று நூல்கள் பலவும் குறிக்கின்றன. அவர்தம் பிழைப்பைக் கருதின் அத்தண்டனை மேலும் பல்லாண்டுகள் தொடர்ந்தது எனலாம்.

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த ஆயுள் தண்டனைகளை உயர்நீதிமன்றம் ஆறாண்டுகளாகக் குறைத்தது. ஆயின், குற்றத்தீர்ப்பைச் சார்ந்து பறிபோன வக்கீல் சன்னதுக்கு அத்தகைய கால வரம்பு எதுவும் இருந்ததில்லை. வழக்குரைஞர்களை நெறிப்படுத்திய 1879ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் ஒழுக்கக் குறைபாட்டைக் காட்டும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை உயர்நீதிமன்றம் நீக்கலாம் என்றது. அரசை எதிர்த்துப் பேசியதும் ஒழுக்கக் குறைபாடாக எண்ணப்பட்ட காலம் அது. சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனமோ அவர் மீள்வதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது. 1895 முதல் ஒட்டப்பிடாரத்திலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்காடி வந்தவர்க்குக் கற்ற தொழிலும் இல்லை, தொடங்கிய தொழிலும் இல்லை என்றாயிற்று.

சென்னையில் குடியேறி அரிசி, நெய் முதலியன விற்கும் கடை வைத்தார், வணிகம் நிலைக்கவில்லை. பின்னர்க் கோயம்புத்தூரில் வங்கிப் பணியும் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்பொருட்டுத் திரட்டிய தொகை காந்தியடிகளிடம் இருந்தது. அது குறித்து 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்தின் முடிவில், 1916இல் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனாரின் கைக்கு வந்தது. அணாக் கணக்கு வரை எழுதிக் கேட்க நேர்ந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் கப்பல்களுக்காக இலட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர் என்பதை ஈண்டு மறத்தலாகாது.

தமிழாய்வாளர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மெய்யறம் (1914), மெய்யறிவு (1915), திருக்குறள் அறத்துப்பால் மணக்குடவர் உரைப் பதிப்பு (1917) ஆகிய மூன்றும் சன்னது இல்லாத இவ்வாண்டுகளில் வெளிவந்தவை. வறுமை தமிழ்ப்பணியை வளர்த்தது என இதனைப் புகழ்ந்துரைப்பது பொருந்தாது. சிறைபுகுமுன்பே அவர் தமிழ் கற்றவர். நூல் விற்பனை அவர் குடும்பத்தைத் தாங்கியதாகவும் தெரியவில்லை. பதிப்பு வரலாற்றையும் சிறை வரலாற்றையும் தனித்தனியே எழுதும் நம் வழக்கமே இத்தொடர்பை மறைத்துவிடுகிறது.

நீதிபதி ஈ.எச்.வாலஸ் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. நன்றி பாராட்டித் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1920களில் கோவில்பட்டியிலும் 1932 முதல் தூத்துக்குடியிலும் வழக்காடினார். ஆயினும் இடையில் இழந்த வருவாயை ஈடுசெய்ய இயலவில்லை. 1936இல் எழுதிய அவருடைய உயிலில் எண்ணெய்க்கடைப் பாக்கியும் சில்லறைக் கடன்களும் இடம்பெற்றுள்ளன.