சில்வர் சல்ஃபாடயசின்

தீக்காயத்தில் பாக்டீரியா பெருகாமல் தடுக்கப் பூசும் வெண்ணிறக் களிம்பு. வழக்கமான செறிவு 1 விழுக்காடு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் சார்லஸ் ஃபாக்ஸ் 1968-இல் இதை அறிமுகப்படுத்தினார்.

கருகிய தோலில் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஊசியில் ஏற்றும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேராது; செத்த திசுவோ கிருமிகளுக்கு நல்ல தீனி. மேலிருந்து பூசும் மருந்தின் தேவை இதனால்தான். இதற்கு முன்பு பயன்பட்ட சில்வர் நைட்ரேட் கரைசல் படுக்கை விரிப்பு முதல் தரை வரை பட்ட இடமெல்லாம் கறுப்பாக்கியது. மாஃபினைடு என்ற மற்றொரு மருந்தைப் பூசினால் எரிச்சல் தாங்காது. புதிய களிம்பு வலிக்கவில்லை. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் செல்லுறையையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. தீக்காயப் பிரிவுகளை அச்சுறுத்தும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் இதற்குக் கட்டுப்படும்.

குறைகளும் உண்டு. சில நாள்களில் காய நீரோடு கலந்து சாம்பல் மஞ்சள் படலமாகப் படியும். பழகாத கண்ணுக்கு அது சீழ்போலவே தெரியும். காயத்தின் ஆழத்தையும் மறைக்கும். வெள்ளணுக்கள் தற்காலிகமாகக் குறையலாம். காயம் ஆறுவதையும் இது தாமதப்படுத்துவதாகத் தெரிந்ததால், மேலோட்டமான காயங்களுக்கு இன்று வேறு கட்டுகளையே பலர் விரும்புகின்றனர். பழக்கதோஷத்தால் எல்லாத் தீக்காயத்துக்கும் இதை எழுதித் தருவது சரியல்ல.

சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இதைப் பூசக் கூடாது.